பதினோரு துப்பாக்கியும் ஓர் ஆணியும்

உட்காருங்கள் சார். அது வேண்டாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். துப்பாக்கியை மடியில் வைக்காதீர்கள். அதோ, களத்தின் ஓரத்தில் படுக்க வையுங்கள், குழல் மலையைப் பார்க்கிற மாதிரி. உறைக்குள்தான் இருக்கிறது, தெரிகிறது. உறைக்குள் இருக்கிற துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் பார்த்தீர்களா? வீடு எங்கே, இங்கே எங்கே. இப்போது ஒரு தரம் மடக்கிப் பாருங்கள். எனக்காகப் பாருங்கள்.

காலி. நல்லது. இனிமேல் பேசலாம்.

மேகலா! சார் வந்திருக்கார், ரெண்டு காப்பி போடு தாயி!

என் மருமகள். கொண்டுவரும். நம் தோட்டத்துக் காப்பிதான், இதே களத்தில் காய்ந்தது. பால் ஊற்றித்தானே குடிப்பீர்கள்? கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள். எனக்கு இடது காது கேட்காது. நீங்கள் வலது பக்கம் இருக்கிறீர்கள், அதனால் பரவாயில்லை.

ஸ்டேஷனில் அனுப்பினார்களா? அப்படித்தான் இருக்கும். இந்த மலையில் புதிதாகத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்குகிறவர்களை முதலில் என்னிடம்தான் அனுப்புவார்கள். "மூங்கில்பள்ளத்துல ஆணி சடையாண்டின்னு ஒருத்தர் இருக்காரு, போய் அவர் காலைப் பார்த்துட்டு வா" என்பார்கள். பதினாலு வருஷமாக நடக்கிறது. ஐந்து இன்ஸ்பெக்டர்கள் மாறிப் போனார்கள், என் கால் மட்டும் பதவியில் இருக்கிறது. நீங்கள் செட்டியார் தோட்டத்தை வாங்கியவர்தானே? மதுரையில் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கேள்விப்பட்டேன். முதல் வருஷமே பன்றி உங்கள் சௌசௌ பந்தலைப் படுக்கப் போட்டுவிட்டதாம். போடும். அதற்குப் புது ஆள், பழைய ஆள் தெரியாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் ஓடும், மறுநாள் திரும்பி வரும். அதற்காகத்தானே நாமெல்லாம் இதைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

சரி, காலைப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள், பார்க்கத்தானே வந்தீர்கள். தொடையின் வெளிப்பக்கத்தில் ஒரு கைப்பிடி சதை கிடையாது. சுற்றிலும் புள்ளி புள்ளியாக இருப்பதெல்லாம் ரவை போன இடம். ஆஸ்பத்திரியில் நாற்பத்து மூன்று எடுத்தார்கள். ஒன்பது இன்னும் உள்ளேதான். மார்கழியில் ஒவ்வொன்றாக எழுந்து பேசும்.

வழக்கமாக இந்த இடத்தில் ஆணிக் கதையைச் சொல்வேன். துப்பாக்கியைச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தேன். ஐப்பசி மழை, மண் சுவர் ஊறிப் போயிருந்தது. ஆணி பிடுங்கிக்கொண்டது, துப்பாக்கி விழுந்தது, வெடித்தது. கீழே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த என் தொடையில் பாய்ந்தது. ஆகவே துப்பாக்கியை ஆணியில் மாட்டாதீர்கள். இவ்வளவுதான், இரண்டு நிமிஷம். கேட்டவர்கள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாமி காப்பாத்துச்சு" என்று சொல்லிப் போய்விடுவார்கள்.

உங்களுக்கும் அதையே சொல்லி அனுப்பியிருப்பேன். ஆனால் நீங்கள் வருவதை இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் சார். பெரிய கேட் வழியாக வரவில்லை. அதோ, வேலியில் ஆள் ஏறி இறங்குகிற மாதிரி இரண்டு கல் நட்டுக் குறுக்கே கட்டை போட்டிருக்கிறதே, அந்தக் கடவில் ஏறி வந்தீர்கள். முதலில் துப்பாக்கியைக் கட்டைக்கு அடியில் நுழைத்தீர்கள், குழல் இந்தப் பக்கம். அப்புறம் நீங்கள் ஏறிக் குதித்தீர்கள். குதித்ததும் குழலைப் பிடித்து உங்கள் பக்கமாக இழுத்தீர்கள்.

உறையோடுதான் இழுத்தீர்கள். காலித் துப்பாக்கிதான்.

என் மகன் அங்கேதான் செத்தான். போன மாசியில். அதே கட்டை.

இல்லை, எழுந்திருக்காதீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்? ஊரில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னாலும் கடவு என்று சொல்ல மாட்டார்கள், ஆணி என்றுதான் சொல்லியிருப்பார்கள். உட்காருங்கள். என் வீட்டுக்காரி வத்தலக்குண்டு சந்தைக்குப் போயிருக்கிறாள், பன்னிரண்டு மணி பஸ்ஸில்தான் வருவாள். அவள் இருந்தால் இதைப் பேச முடியாது. முதலில் இருந்து சொல்கிறேன்.

என் காலில் பாய்ந்தது ஆணியால் இல்லை. சுவரில் இருந்தும் இல்லை. அன்றைக்கு நானும் என் மச்சினன் தவமணியும் காவலுக்குப் போய்விட்டுக் காலையில் திரும்புகிறோம். மச்சினன் என்றால் என் வீட்டுக்காரி அன்னமயிலோடு கூடப் பிறந்த தம்பி. அப்போது அவனுக்கு இருபத்தாறு வயசு. பொழுது விடிந்து ஆறரை இருக்கும். நான் கடவில் முதலில் ஏறி இந்தப் பக்கம் வந்துவிட்டேன். துப்பாக்கி அவன் கையில் இருந்தது. எங்களுடையது ஒற்றைக் குழல், தோட்டாவைத் தட்டுகிற குதிரை வெளியே தெரிகிற பழைய காலத்து மாதிரி. குதிரையை இழுத்துவிட்டால் விசையைத் தொட்டாலே போதும். பன்றி எதிரே வந்தாலும் வரும் என்று வழியெல்லாம் குதிரையை இழுத்தே வைத்திருந்திருக்கிறான். "மச்சான், பிடிங்க" என்று கட்டைக்கு அடியில் குழலை நீட்டினான். நானும் பிடித்து இழுத்தேன். வேலியில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் விசை மாட்டியது.

நான் இழுத்தேன், அது வெடித்தது. அவ்வளவுதான். குழல் இன்னும் ஒரு சாண் மேலே இருந்திருந்தால் நீங்கள் இந்த வெயிலில் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

ஜீப்பில் ஏற்றினார்கள். அன்னமயில் என் தலையை மடியில் வைத்திருந்தாள். என் காதுக்குள் பேசுகிறாள். எந்தக் காது என்று கேட்கிறீர்களா? கேட்கிற காதில்தான். கெட்டிக்காரி.

"ஏங்க, போலீஸ் வந்து கேட்டா தம்பி பேரச் சொல்லிராதீங்க. லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு. அவன் கையில துப்பாக்கி இருந்ததே குத்தம்பாங்க. தையில கல்யாணம் வச்சிருக்கு, பொண்ணு வீட்டுல பின்வாங்கிருவாங்க."

"பின்னே என்னத்தச் சொல்ல?"

"சுவத்துல மாட்டியிருந்துச்சு. ஆணி புடுங்கிக்கிச்சு. விழுந்துச்சு, வெடிச்சிருச்சு. அம்புட்டுத்தான்."

தொடையில் இருந்து ரத்தம் கொட்டுகிறது, அவள் எனக்குக் கதை கட்டிக் கொடுக்கிறாள். நான் சரி என்றேன். எனக்காகச் சொன்ன பொய் இல்லை சார். ஒரு பையனுடைய கல்யாணம். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

தவமணி ஜீப்பில் வரவில்லை. வீட்டுக்கு ஓடி, கடப்பாரையால் ஆணியைப் பிடுங்கிப் போட்டான். சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு மண்ணைப் பெயர்த்தான். கடவில் இருந்த ரத்தத்தை மண் அள்ளிப் போட்டு மூடினான். வீட்டில் ரத்தம் வேண்டுமே, ஒரு கோழியை நடு வீட்டில் அறுத்தான். போலீஸ் வந்து மகஜர் எழுதி, ஆணியைக் காகிதத்தில் சுற்றிச் சீல் வைத்து எடுத்துப் போனார்கள். அந்தக் கோழியை யார் சாப்பிட்டார்கள் என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆறு மாதம் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். எச்சரித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. நான் கம்பு ஊன்றிக்கொண்டு போய் முதல் பந்தியில் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. மூங்கில்பள்ளத்தில் அப்போது பதினோரு லைசென்ஸ் துப்பாக்கி. பதினொன்றும் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தன, சாமி படத்துக்குப் பக்கத்தில். நான் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்புவதற்குள் ஒன்றுகூடச் சுவரில் இல்லை. எல்லா வீட்டிலும் ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள். ஆசாரி சில்வர் ஓக் பலகையில் பெட்டி செய்து மாளவில்லை. உள்ளே பஞ்சு வைத்து, மேலே சிவப்புத் துணி தைத்து, குழந்தையைத் தூங்கப் போடுகிற மாதிரி துப்பாக்கியைப் போட்டார்கள். வருஷா வருஷம் துப்பாக்கித் தணிக்கைக்கு ஸ்டேஷனுக்குப் போவோம். அங்கே என்னை நடுவில் நிறுத்தி, "யோவ் சடையாண்டி, வேட்டியத் தூக்குய்யா" என்பார் இன்ஸ்பெக்டர். தூக்குவேன். "பாத்துக்கங்க எல்லாரும். ஒரு ஆணி பண்ண வேலை" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். நானும் சேர்ந்து ஆட்டுவேன். நாலைந்து வருஷத்தில் அந்த ஆணியை நானே பார்த்த மாதிரி ஆகிவிட்டது. எத்தனை அங்குலம் என்று கேட்டால் மூன்று அங்குலம் என்று சொல்வேன்.

ஆனால் எங்கள் ஊர் ஆட்கள் காவலுக்குப் போய்விட்டு வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? தோட்டாவைப் போட்டபடி, குதிரையை இழுத்தபடி தோளில் சாத்திக்கொண்டு வருவார்கள். வேலிக்கு அடியில் நுழைத்து இழுப்பார்கள். வீட்டுக்கு வந்து, தோட்டாவைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, பெட்டிக்குள் பஞ்சில் படுக்க வைத்துப் பூட்டுவார்கள். வீட்டுக்குள் அவ்வளவு பத்திரம்.

காப்பி வர ஏன் இவ்வளவு நேரம்? குழந்தை எழுந்திருக்கும். பேத்திக்கு ஒன்றேகால் வயசு. வரும், பொறுங்கள்.

என் பழக்கத்தைக் கேட்டீர்களானால், நான் அன்றோடு மாறிவிட்டேன். அடியோடு மாறினேன். காட்டில் இருந்து திரும்பும்போது பாறை முக்கு வந்ததும் மடக்கித் தோட்டாவை எடுத்து மடியில் போட்டுக்கொள்வேன். பத்தடி நடந்து இன்னொரு தரம் மடக்கிப் பார்ப்பேன். வீட்டு வாசலில் ஒரு தரம், பெட்டியில் வைக்கும்போது ஒரு தரம். குழல் பார்க்கிற திசையில் ஆள் நிற்கக் கூடாது. கோழி நின்றால்கூட எனக்குப் பிடிக்காது. பெட்டி ஓர் அறையில், தோட்டா இன்னோர் அறையில், சாவி என் அரைஞாணில். இன்னொன்றும் உண்டு. அந்தக் கடவுப் பக்கமே நான் போனதில்லை. பெரிய கேட்டைச் சுற்றித்தான் வருவேன். அரை மைல் கூடுதல், ஏற்றம் வேறு, இந்தக் காலோடு.

ராஜவேல் ஒரு நாள் கேட்டான். ராஜவேல்தான் என் மகன். அப்போது அவனுக்குப் பதினேழு, பதினெட்டு இருக்கும்.

"ஏப்பா, கடவு இங்கன இருக்கு. நீங்க எதுக்கு ஊரச் சுத்தி வாரீங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கால் வலிக்குதுடா, கடவு ஏற முடியல" என்றேன்.

கால் வலிக்கிறவன் அரை மைல் சுற்றுவானா? அவனுக்கும் தோன்றியிருக்கும். அப்பன் சொன்னதை எதிர்த்துக் கேட்கிற பையன் இல்லை. மறுவாரம் அந்தக் கட்டையை ஒரு சாண் இறக்கிக் கட்டினான். "இப்ப ஏறிப் பாருங்கப்பா" என்றான். எனக்காக இறக்கிக் கட்டின கட்டை சார் அது. அதற்குப் பிறகும் நான் சுற்றித்தான் வந்தேன்.

அவனுக்கு நான் சொல்லிக் கொடுக்காமல் இல்லை. இருபத்தொரு வயசு ஆனதும் லைசென்ஸில் அடுத்த ஆளாக அவன் பேரையும் சேர்த்தேன். பெட்டி, பூட்டு, எண்ணெய், தோட்டாவைத் தனியாக வைப்பது, ஆணி, எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பாறை முக்கில் தோட்டாவை எடுக்கச் சொன்னேனா என்றால், சொன்னேன். "எதுக்குப்பா? வீட்டுல போய் எடுத்தா ஆகாதா? வழியில பன்னி வந்தா?" என்றான். காரணம் கேட்கிறான். என்னிடம் இருந்த காரணம் ஒன்றே ஒன்று. அது அவன் தாய்மாமனைக் கொண்டுபோய் நிறுத்தும். "சொன்னாச் செய்டா" என்றேன். நான் கூட இருந்த நாளெல்லாம் செய்தான். அப்புறம் எனக்குக் கால் முடியாமல் காவலுக்குப் போவது நின்றுவிட்டது.

தவமணியா? அவன் கல்யாணமான வருஷமே ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி வியாபாரத்துக்குப் போய்விட்டான். துப்பாக்கியைத் திரும்பத் தொட்டதே இல்லை. கண் பார்வை சரியில்லை என்று சொல்லிக்கொள்வான். கண்ணாடி போட்டு நான் பார்த்ததில்லை.

எனக்குப் பின்னால் என்ன பார்க்கிறீர்கள்? பூனையா? வாசல் பக்கம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், பாலுக்கு. விடுங்கள்.

போன மாசிக்கு வருகிறேன். பேத்தி அப்போது தவழ்கிற வயசு. கண்டதையெல்லாம் பிடித்து எழுந்து நிற்கும். அன்று சாயந்திரம் ராஜவேல் துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். பெட்டிக் கொண்டி உடைந்து போயிருந்தது. புதுக் கொண்டி வாங்க வேண்டும் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குளிக்கப் போனான். குழந்தை தவழ்ந்து போய்ப் பெட்டி மூடியைத் தூக்கிவிட்டது. மேகலா பார்த்தாள். தாய் என்ன செய்வாள்? துப்பாக்கியை எடுத்துக் குழந்தைக்கு எட்டாமல் உயரத்தில் வைத்தாள். உயரத்தில் என்ன இருந்தது? காலண்டர் ஆணி. காலண்டரைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை வாரோடு மாட்டினாள். காலித் துப்பாக்கி. அரை மணி நேரம் தொங்கியிருக்கும்.

அன்னமயில் பார்த்துவிட்டாள். பார்த்ததும் போட்டாள் ஒரு கூப்பாடு.

"அடிப் பாவி மகளே! இந்த வீட்டுல ஆணில மாட்டலாமாடி? உன் மாமனார் காலப் பாத்தும் புத்தி வரலையா?"

மேகலா பயந்துபோய் உடனே எடுத்துவிட்டாள். ராஜவேல் சிரித்துக்கொண்டே வந்து, "விடும்மா, அதான் எடுத்துட்டாள்ல" என்றான். சாப்பிட்டுக் காவலுக்குப் போனான்.

காலையில் காப்பிப் பழம் பறிக்கப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை, இந்தக் காதால். எல்லாரும் ஓடுவதைப் பார்த்து நானும் போனேன். பதிமூன்று, பதினாலு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கடவுக்குப் போகிறேன். அவன் இந்தப் பக்கம் கிடந்தான். துப்பாக்கி கட்டைக்கு அடியில் கிடந்தது, பிடிப் பக்கம் வெளியே, குழல் உள்ளே. எனக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊர் மொத்தமும், "எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு" என்கிறது. எப்படி ஆச்சு என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே நான்தான்.

இன்ஸ்பெக்டர் கேட்டார். "ஏன்யா, ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற ஆளு. சொந்த மகனுக்குச் சொல்லித் தரலையா?"

"கால் வழுக்கி விழுந்திருப்பான் சார்" என்றேன்.

வாயில் அதுதான் வந்தது. முன்னே சொன்ன பொய்க்கு ஒரு கல்யாணம் இருந்தது. இதற்கு என்ன இருந்தது என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை.

எழவு வீட்டிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. முதல் நாள் மருமகள் துப்பாக்கியை ஆணியில் மாட்டினாளாம், மறுநாள் விடியும்போது புருஷனைக் கொண்டு போய்விட்டதாம். சொன்னது யார்? அன்னமயில்தான். மகன் தலைமாட்டில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு சொல்கிறாள். "ஆணில தொங்கவிட்டாளே, ஆணில தொங்கவிட்டாளே." வந்த பெண்கள் எல்லாம் மேகலாவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளை கையில் குழந்தையோடு சுவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. சுவரில் அந்தக் காலண்டர் ஆணி. யாரோ ஒருவர் எழுந்துபோய்ச் சுத்தியலால் அதைப் பிடுங்கி வெளியே எறிந்தார்.

அந்த ஆணிக் கதையை ஜீப்பில் வைத்துக் கட்டினவளே அன்னமயில்தான் சார். அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆணி இல்லை என்று ஆகிவிட்டால் அடுத்தது அவள் தம்பி. தம்பியைத் தாண்டினால் நான். என்னைத் தாண்டினால் அவள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா? மருமகள்தான் பக்கத்தில் இருந்தாள்.

தவமணி வந்தான். மாலையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். முகத்தைப் பார்க்கவில்லை. "மச்சான், கடவுலயா?" என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். அவன் சுடுகாடு வரைக்கும்கூட வரவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டான். இன்றுவரை போன் இல்லை.

அன்றில் இருந்து அன்னமயில் மேகலாவின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. தனியாகச் சமைத்துக்கொள்கிறாள். ஊரில் ஒரு நல்ல காரியத்துக்கு மேகலாவை யாரும் கூப்பிடுவதில்லை. குழாயடியில் இந்தப் பிள்ளை போனால் மற்ற குடங்கள் நகர்ந்துகொள்கின்றன. அம்மா வீட்டில் கூப்பிட்டார்கள், போகவில்லை. "மாமாவுக்கு யார் இருக்கா" என்று சொல்லிவிட்டது. எனக்குக் காப்பி கொடுப்பது, காலுக்கு எண்ணெய் காய்ச்சுவது எல்லாம் அதுதான். ஒரு குறை சொன்னது கிடையாது. அமைதியான பிள்ளை.

ஒரே ஒரு தரம் கேட்டது. கருமாதி முடிந்த மறுவாரம். காலுக்கு எண்ணெய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றது.

"மாமா, நான் ஒண்ணு கேக்கவா?"

"கேளு தாயி."

"நான் ஆணில மாட்டுனதாலதான் அதுல ஏதாச்சும் கெட்டுப்போச்சா? உங்களுக்குத்தான் துப்பாக்கியப் பத்தித் தெரியும். நீங்க சொன்னா நான் நம்புவேன்."

நான் சொன்னேன், "தெரியலையேத்தா" என்று.

தெரியலையேத்தா என்றேன் சார். அந்தப் பிள்ளை என் கால் காயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனது. அன்றில் இருந்து குழந்தையைச் சுவர்ப் பக்கம் விடாது. கட்டிலைக்கூட அறையின் நடுவில்தான் போட்டிருக்கிறது.

சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். சொல்வேன். நானேதான் சொல்ல வேண்டும். முதலில் முப்பதாம் நாள் முடியட்டும் என்று இருந்தேன். அப்புறம் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிற வரைக்கும் பொறுப்போம், குழந்தையின் அப்பனுக்குத் தாய்மாமன் என்று தவமணியும் வந்து நிற்க வேண்டுமே என்று பார்த்தேன். இப்போது வருஷம் திரும்பட்டும் என்று தோன்றுகிறது. கோர்ட்டில் வேறு வழக்கு முடியவில்லை, துப்பாக்கி அங்கே கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது அல்லவா? அந்தப் பிள்ளையும் எங்கே போய்விடப் போகிறது.

ஒரு உதவி செய்யுங்கள். நீங்கள் இறங்கிப் போகிற நேரத்துக்கு அன்னமயில் பஸ்ஸில் வந்து இறங்குவாள். துப்பாக்கியைப் பார்த்ததும், "எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா, என்ன சொன்னாரு" என்று கேட்பாள். ஆணிக் கதை சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். பொய்யும் இல்லை. அதையும்தான் சொன்னேன்.

பாருங்கள், இவ்வளவு பேசியும் உங்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கவில்லை. மேகலா! என்ன தாயி, காப்பி...

என்ன? எங்கே கை காட்டுகிறீர்கள்?

வாசற்படியிலா?

இரண்டு டம்ளர். ஆமாம், நம் டம்ளர்தான். ஆடை கட்டியிருக்கிறது. தொட்டுப் பாருங்கள் சார், எனக்குக் குனிய வராது. ஆறிவிட்டதா? நன்றாக ஆறிவிட்டதா?

எப்போதும், "மாமா, காப்பி" என்று கூப்பிட்டுக் கையில் கொடுக்கும். ஒரு நாளும் தரையில் வைத்ததில்லை.

பூனையா என்று கேட்டேனே. அப்போது நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதில் இருந்தா? நான் எதைச் சொல்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை நின்றது? எண்ணெய்க் கிண்ணம் வரைக்குமா? இல்லை, வேண்டாம், சொல்லாதீர்கள்.

இனி அன்னமயிலிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் சார். கேட்டால், போய் வீட்டில் கேளுங்கள் என்று சொல்லுங்கள்.

துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன்னால் மடக்கிப் பாருங்கள். பார்த்தீர்கள்தான், எனக்குத் தெரியும். இன்னொரு தரம். ம். பெரிய கேட் வழியாகப் போங்கள். சுற்றுதான். அந்தக் கட்டையை நாளைக்கு ஆள் வைத்துப் பிடுங்கச் சொல்கிறேன்.

போவதற்கு முன்னால் கொஞ்சம் கை கொடுங்கள். உட்கார்ந்துவிட்டால் இந்தக் கால் தானாக எழுந்திருக்காது. உள்ளே போக வேண்டும்.